கரையில் கட்டிய படகுக்கு மின்சாரக் கேபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இது: ஒன்பது மீட்டர் படகு, 120 வோல்ட், 30 ஆம்பியர் இன்லெட் (படகில் கேபிளைச் சொருகும் இடம்). பழைய கேபிளின் படகுப் பக்கத்து முனை கறுத்து, பிளாஸ்டிக் இளகிப்போயிருக்கிறது. துறையில் உள்ள மின்தூணில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என இரண்டு சாக்கெட்டும் உண்டு. இந்த முறை பெரிதாக 50 ஆம்பியர் கேபிளே வாங்கினால் இந்தத் தொல்லை வராதா? எவ்வளவு நீளம் எடுப்பது? தோட்டத்துக்கு விற்கும் வெளிப்புற எக்ஸ்டென்ஷன் கேபிளால் சமாளிக்க முடியாதா?

முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். 30 ஆம்பியர் இன்லெட்டுக்கு 30 ஆம்பியர் படகுக் கேபிள்தான் வேண்டும். உள்ளே 10 கேஜ் தடிமனில் மூன்று கம்பிகள், நீளம் 15 மீட்டர் அல்லது அதற்குக் குறைவு. 50 ஆம்பியர் கேபிள் வாங்குவதால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. தோட்டத்துக் கேபிள் ஆகவே ஆகாது. இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு: கேபிளை மட்டும் மாற்றி, படகில் இருக்கும் இன்லெட்டை அப்படியே விட்டால் புதுக் கேபிளின் முனையும் சீக்கிரமே கறுக்கும்.

ஏன் என்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாகத் தெளிவாகும். 10 கேஜ் செம்புக்கம்பியின் மின்தடை ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3.3 ஓம். 15 மீட்டர் கேபிளில் மின்சாரம் போவதும் திரும்புவதுமாக 30 மீட்டர் கம்பி; மொத்தத் தடை 0.1 ஓம். அதில் 24 ஆம்பியர் ஓடினால் உண்டாகும் வெப்பம் 57 வாட் அளவு. அது 15 மீட்டர் நீளத்துக்கும் பரவிக் காற்றில் போய்விடுகிறது. கையால் தொட்டால் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். இப்போது பிளக்கின் ஒரே ஒரு பின்னில் உப்புப் படிந்து, அங்கே மட்டும் 0.1 ஓம் தடை கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கேபிளும் சேர்ந்து உண்டாக்கிய அதே 57 வாட் இப்போது விரல்நுனி அளவு பித்தளையில் குவிகிறது. ஒரு சாலிடரிங் அயர்னைப் பிளாஸ்டிக் உறைக்குள் சொருகி நாள் முழுக்க எரியவிட்ட மாதிரி. சூட்டில் பித்தளை மேலும் கறுக்கும், பின்னைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் தளரும், தடை கூடும், சூடு இன்னும் ஏறும். ஒன்றை ஒன்று வளர்க்கும் இந்தச் சுற்று பிளாஸ்டிக் உருகும் வரை நிற்காது.

இதில் எந்த பிரேக்கரும் தானாக அணையாது. ஓடுவது அதே 24 ஆம்பியர்தானே; பிரேக்கர் பார்ப்பது மின்னோட்டத்தின் அளவை மட்டும்தான். மின்கசிவைப் பிடிக்கும் கருவியும் இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் எதுவும் கசியவில்லை. ஆகவே கரைமின்சாரத் தீ விபத்தைத் தடுக்க உங்கள் கண்ணும் கையும்தான் உண்டு. ஆம்பியரைக் கூட்டி வாங்குவதால் இந்தச் சிக்கல் தீராது. நல்ல தொடுமுனையும் அதை ஒழுங்காகப் பூட்டுவதும்தான் தீர்க்கும்.

இன்லெட்டிலிருந்து தொடங்குங்கள்

கேபிள் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் துறையில் உள்ள சாக்கெட்டைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது படகின் இன்லெட்டையும் அதற்கு உள்ளே இருக்கும் மெயின் பிரேக்கரையும். படகு எவ்வளவு எடுக்க முடியும் என்பதை நிர்ணயிப்பது அந்த பிரேக்கர். உங்கள் படகில் அது 30 ஆம்பியர் என்றால், 50 ஆம்பியர் கேபிளை மாட்டினாலும் 30-க்கு மேல் ஒரு சொட்டும் வராது. அதோடு 50 ஆம்பியர் பிளக் உங்கள் இன்லெட்டில் நுழையவும் செய்யாது. இடையில் ஓர் அடாப்டர் வேண்டும், அது கூடுதலாக ஒரு இணைப்பு. சூடாவதற்குக் கூடுதலாக ஓர் இடம்.

வட அமெரிக்க முறையில் படகுகளில் அதிகம் காணப்படுவது 30 ஆம்பியர், 125 வோல்ட் திருகுப் பூட்டு பிளக். நெமா எல்5-30 என்பது அதன் பெயர். அடுத்தது 50 ஆம்பியர், 125/250 வோல்ட், நான்கு கம்பி. இரண்டும் பெயரளவில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் திறனும் அப்படித்தான் என்று தோன்றும். உண்மையில் பெரிய வித்தியாசம். 30 ஆம்பியர் தருவது 3,600 வாட். நான்கு கம்பி 50 ஆம்பியரில் இரண்டு ஃபேஸ் கம்பிகள் தலா 50 ஆம்பியர் சுமப்பதால் மொத்தம் 12,000 வாட். இதற்கு நடுவே 50 ஆம்பியர், 125 வோல்ட், மூன்று கம்பி என்று பழைய வகை ஒன்றும் சில துறைகளில் இருக்கிறது. பெயரில் '50' இருப்பதைப் பார்த்து அதையும் நான்கு கம்பி வகையையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. கேபிளின் முனையில் பின்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு குழப்பம், சாலையில் ஓடும் வீட்டு வண்டிகளுக்கான 30 ஆம்பியர் கேபிள். அதுவும் 120 வோல்ட், அதுவும் 30 ஆம்பியர், 10 கேஜ். ஆனால் தூணில் சொருகும் பிளக் முற்றிலும் வேறு. திருகிப் பூட்டும் வசதி இல்லை, நேராகச் சொருகுவது மட்டுமே. துறை ஆடும், படகு ஆடும் இடத்தில் பூட்டில்லாத பிளக் மெல்ல மெல்ல வெளியே வரும். விலை குறைவு என்பதற்காக அதை வாங்கி அடாப்டர் போட்டு ஓட்டாதீர்கள்.

230 வோல்ட் உலகில் கதை எளிது. நீல நிற, மூன்று பின், ஐஇசி 60309 வகைப் பிளக். 16 ஆம்பியரில் ஒன்று, 32-இல் சற்றுப் பெரியது. 16 ஆம்பியரில் 3,680 வாட், 32-இல் 7,360 வாட். பெரிய படகுகளுக்கு 63 ஆம்பியரும், மூன்று ஃபேஸ் 400 வோல்ட்டுக்கு ஐந்து பின் சிவப்புப் பிளக்கும் உண்டு. 16-உம் 32-உம் அளவில் வேறுபடுவதால் ஒன்றை ஒன்றில் தவறிச் சொருக முடியாது. தூணில் இருப்பது எது என்று போகும் துறையில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் போதும்.

ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் படகைக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிளக்கை மாற்றினால் மின்சாரம் மாறாது. 120 வோல்ட் படகை 230 வோல்ட் தூணில் மாட்ட டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரும் வோல்டேஜைத்தான் மாற்றும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. பேட்டரி சார்ஜருக்கும் தண்ணீர் ஹீட்டருக்கும் அது பொருட்டல்ல. ஏசி கம்ப்ரசருக்குப் பொருட்டு. அதன் பெயர்ப்பலகையில் இரண்டு ஹெர்ட்ஸும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

30 ஆம்பியர் போதுமா?

இதைக் கேட்டுக்கொள்ளாமல் கேபிள் வாங்கக் கூடாது. ஒவ்வொரு சாதனத்தின் வாட்டையும் வோல்ட்டால் வகுத்துக் கூட்டுங்கள். 1,500 வாட் தண்ணீர் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர். நடுத்தர ஏசி ஓடும்போது 12 ஆம்பியர் என்று வையுங்கள். கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். பேட்டரி சார்ஜர் 6. மைக்ரோவேவ் 13. மொத்தம் 43.5 ஆம்பியர். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடுகிற சுமையை 80 விழுக்காட்டுக்குள், அதாவது 24 ஆம்பியருக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ஹீட்டரும் ஏசியும் சேர்ந்தாலே 24.5. அதனால் ஏசி ஓடும்போது ஹீட்டரை அணைப்பது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் 30 ஆம்பியர் போதும். அப்படி முடியாது என்றால் இரண்டாவது 30 ஆம்பியர் இன்லெட் வைத்துச் சுமையைப் பிரிப்பதுதான் வழி. அது படகுக்குள் செய்ய வேண்டிய வயரிங் வேலை. கேபிளைப் பெரிதாக்கி அதைச் செய்ய முடியாது.

செம்பின் தடிமனும் மேலுறையும்

கேபிளின் மேலுறை நெடுக அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். அட்டைப்பெட்டியில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். உறையில் உள்ளதுதான் பேச்சு. 30 ஆம்பியருக்கு '10/3' என்று இருக்க வேண்டும். 50 ஆம்பியர் நான்கு கம்பிக் கேபிளில் ஃபேஸும் நியூட்ரலும் 6 கேஜ், எர்த் 8 கேஜ் என்று வருவது வழக்கம். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

தோட்டத்து எக்ஸ்டென்ஷன் கேபிள்களில் அதிகம் விற்பது 16 கேஜ். அதன் தாங்குதிறன் 13 ஆம்பியர் அளவுதான். அதில் 24 ஆம்பியரை இழுத்தால் 15 மீட்டரில் 9 வோல்ட்டுக்கு மேல் இழப்பு, கேபிள் முழுக்க 200 வாட்டுக்கு மேல் வெப்பம். அதுவும் சுருட்டி வைத்திருந்தால் உறை இளகும். தூணில் உள்ள 30 ஆம்பியர் பிரேக்கருக்கு இது தெரியாது.

எழுத்துகளுக்கும் பொருள் உண்டு. எஸ் என்றால் கடும் உழைப்புக்கான, 600 வோல்ட் கேபிள். எஸ்ஜே என்று தொடங்கினால் 300 வோல்ட், மெல்லிய உறை, படகுக்கு வேண்டாம். டி என்றால் பிவிசி போன்ற பிளாஸ்டிக், இ என்றால் ரப்பர் போல வளையும் எலாஸ்டமர். ஓ எண்ணெயைத் தாங்கும். டபிள்யூ வெயிலையும் ஈரத்தையும் தாங்கும். ஆகவே எஸ்டிடபிள்யூ, எஸ்டிஓடபிள்யூ, எஸ்இஓடபிள்யூ என்று பார்த்தால் எடுக்கலாம். கடைசியில் டபிள்யூ இல்லாவிட்டால் வைத்துவிடுங்கள். குளிர் நாடுகளில் பிவிசி உறை விறைத்துச் சுருட்டவே முடியாது. அங்கே எலாஸ்டமருக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் இல்லை.

230 வோல்ட் பக்கம் தேட வேண்டிய குறி எச்07ஆர்என்-எஃப். ரப்பர் காப்பு, அதன் மேல் நியோப்ரீன் வகை உறை, நுண்ணிழைச் செம்பு. 16 ஆம்பியருக்கு '3ஜி2.5', அதாவது 2.5 சதுர மில்லிமீட்டரில் எர்த் உட்பட மூன்று கம்பிகள். 32 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர். நீல முனைகளோடு 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிளும் விற்கிறார்கள். முகாம்களுக்கென்று செய்தது அது. 25 மீட்டரில் 16 ஆம்பியர் ஓடினால் 1.5 சதுர மில்லிமீட்டரில் 10 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், 2.5-இல் 6.4 வோல்ட். முனை ஒன்றாக இருக்கிறது என்பதால் கேபிளும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். 'எச்05விவி-எஃப்' என்று எழுதிய பிவிசி கேபிள் வீட்டுக்குள் பயன்படுத்துவதற்கானது.

வெள்ளீயம் பூசிய செம்பு இழைகள் கிடைத்தால் அதையே எடுங்கள். கடல்நீர் முனை வழியாக உள்ளே நுழைந்தால் இழைகளுக்கு இடையே ஊறிப் பல சென்டிமீட்டர் தூரம் ஏறும். பூசாத செம்பு கறுத்துப் பொடியாகும், பூசியது நீண்ட காலம் தாங்கும்.

நீளம்

தூணிலிருந்து இன்லெட் வரை நேர்கோட்டில் அளக்காதீர்கள். கேபிள் போகப்போகும் பாதையில், நடைபாதை ஓரமாக, வளைந்து, படகின் விளிம்பு வரை அளந்து, அலைக்கும் ஏற்றவற்றத்துக்கும் இரண்டு மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். மிதக்கும் துறை என்றால் அதுவும் படகோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் குறைவாகச் சேர்க்கலாம். அசையாத துறையில் அந்த இடத்து ஏற்றவற்ற வேறுபாட்டை முழுதாகச் சேர்க்க வேண்டும். படகைப் பின்புறமாகக் கட்ட நேர்ந்தால் இன்லெட் எந்தப் பக்கம் வரும் என்றும் யோசியுங்கள். ஒன்பது மீட்டர் படகுக்குப் பெரும்பாலான துறைகளில் 15 மீட்டர் தாராளம். ஒரே இடத்தில் நிலையாகக் கட்டுபவர் என்றால் 7.5 மீட்டர் கூடப் போதலாம். குறைந்த எடை, குறைந்த இழப்பு.

'எதற்கும் இருக்கட்டும்' என்று 30 மீட்டர் வாங்குவது நல்லதல்ல. மிச்சக் கேபிள் சுருளாகத்தான் கிடக்கும். சுருள் கிடந்தால் காந்தப்புலம் உண்டாகிச் சூடாகும் என்று பலர் சொல்வது சரியான காரணம் அல்ல. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒரே உறைக்குள் இருப்பதால் அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். வெப்பம் வெளியேற வழியில்லை என்பதுதான் காரணம். சுருளின் நடுவில் இருக்கும் பகுதிக்குக் காற்றே படாது. மிச்சம் இருந்தால் வட்டமாக அடுக்காமல், அகலமான எட்டு வடிவில் ஒன்றன்மேல் ஒன்று படாதபடி விரித்துப் போடுங்கள். உருளையில் சுற்றிய கேபிளை முழுதும் இழுத்து விரித்த பிறகே சுமை ஏற்ற வேண்டும்.

இரண்டு 15 மீட்டர் கேபிளை இணைப்பதற்கும் கணக்கு உண்டு. 30 ஆம்பியரில் ஒன்றுக்கு 3 வோல்ட் இழப்பு, இரண்டுக்கு 6. தூணிலேயே 114 வோல்ட்தான் இருந்தால் படகுக்கு வருவது 108. ஹீட்டர் அதைப் பொருட்படுத்தாது, மெதுவாகச் சூடாகும், மின்னோட்டமும் குறையும். ஏசி கம்ப்ரசர் நேர்மாறு: வோல்டேஜ் குறையக் குறைய அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும், கிளம்பத் திணறும். இணைத்தே தீர வேண்டும் என்றால் இணைப்பு தண்ணீர்ப் புகாத உறையோடு, நடைபாதையில் உயரமான இடத்தில் இருக்கட்டும். தண்ணீருக்கு மேலே தொங்கவிடக் கூடாது. ஐரோப்பிய நடைமுறையில் ஒரே துண்டாக, 25 மீட்டருக்கு மிகாமல் என்பதே விதி.

அடாப்டர்கள்

50 ஆம்பியர் தூணிலிருந்து 30 ஆம்பியர் கேபிளுக்கு வரும் அடாப்டர் உங்களுக்குத் தேவைப்படலாம். சில துறைகளில் 30 காலியாக இருக்காது. இதில் கவனிக்க வேண்டியது, தூணின் 50 ஆம்பியர் பிரேக்கர் 30 ஆம்பியர் கேபிளுக்குக் காவல் ஆகாது என்பது. சுமை முழுவதும் படகின் 30 ஆம்பியர் மெயின் பிரேக்கர் வழியாகத்தான் போகிறது என்பதால் சாதாரண ஓட்டத்தில் ஆபத்து இல்லை. அந்த பிரேக்கர் பழுதில்லாமல், இன்லெட்டுக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்பது இங்கே இரட்டிப்பாக முக்கியம். 32 ஆம்பியர் நீல சாக்கெட்டிலிருந்து 16-க்கு இறங்கும்போது உள்ளேயே 16 ஆம்பியர் பிரேக்கர் வைத்த அடாப்டர் கிடைக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும்.

வீட்டு 15 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து எடுக்கும் அடாப்டர் பேட்டரி சார்ஜருக்கு மட்டும். ஏசி, ஹீட்டர் கூடாது.

இரண்டு 30 ஆம்பியர் சாக்கெட்டைச் சேர்த்து ஒரு 50 ஆம்பியர் படகுக்குத் தரும் ஒய் வடிவ அடாப்டர்தான் மிகவும் தவறாகப் பயன்படுத்தப்படுவது. அந்த இரண்டு சாக்கெட்டும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் நியூட்ரல் கம்பியில் இரண்டின் மின்னோட்டமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒரே ஃபேஸில் இருந்தால் கழியாது, கூடும்: 30-உம் 30-உம் சேர்ந்து 60 ஆம்பியர், 50 ஆம்பியர் நியூட்ரலில். நியூட்ரலுக்கு பிரேக்கர் இல்லை, ஆகவே எதுவும் அணையாமல் கம்பி சூடேறும். மின்கசிவுக் காப்பு உள்ள தூண்களில் இந்த அடாப்டர் வேலையே செய்யாது. இரண்டு நியூட்ரலும் அடாப்டருக்குள் ஒன்றாகச் சேர்வதால் கருவிக்கு அது கசிவாகத் தெரியும், சுமை ஏறியதும் விழுந்துவிடும். அப்போது தூண் பழுது என்று துறைக்காரர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

படகுப் பக்கத்து முனை

உங்கள் கேபிள் உருகியது படகுப் பக்கத்தில் என்று சொன்னீர்கள். பெரும்பாலும் அங்கேதான் உருகும். உப்புத் துளி அதிகம் படும் இடம், படகின் அசைவு முழுவதும் பிளக்கை இழுக்கும் இடம், அரைகுறையாகத் திருகினாலும் மின்சாரம் வந்துவிடும் இடம். திருகுப் பூட்டு பிளக்கைச் சொருகி, வலப்புறமாக முழுதும் திருப்பி, அதன் மேல் வெளி வளையத்தையும் இறுக்க வேண்டும். வளையம்தான் எடையைத் தாங்குகிறது, தண்ணீரைத் தடுக்கிறது. வளையம் உடைந்ததென்று விட்டுவிட்டால் பிளக்கின் எடை முழுவதும் மூன்று மெல்லிய வளைந்த பின்களில் தொங்கும். தொடும் பரப்பு குறையும். நான் முதலில் சொன்ன 0.1 ஓம் அங்கே பிறக்கும்.

இன்லெட்டை ஏன் மாற்றச் சொன்னேன் என்றால், ஒருமுறை நன்றாகச் சூடேறிய தொடுமுனையின் மேற்பரப்பு குழிவிழுந்து கறுத்திருக்கும். சுரண்டினால் பளபளக்கும், ஆனால் அடுத்த சில வாரங்களில் மீண்டும் கறுக்கும். இணைப்பின் இரண்டு பாதியையும் ஒன்றாக மாற்றுங்கள். இன்லெட்டின் பின்பக்கத்தைத் திறந்து, திருகுக்குக் கீழே இருக்கும் கம்பியையும் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டிப் பின்னால் போங்கள். திருகு முனைக்குள் போகும் இழைகளில் சாலிடர் ஈயம் ஏற்ற வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும், திருகு தளரும், மறுபடியும் சூடு. இழைகளைச் சேர்த்து முறுக்கி நேரடியாகத் திருகில் இறுக்கலாம், அல்லது அழுத்திப் பொருத்தும் உறைமுனை போடலாம். பழைய கேபிளின் உடல் நன்றாக இருந்தால் எரிந்த முனையை வெட்டிப் புது பிளக் பொருத்தியும் ஓட்டலாம். வெட்டிய இடத்தில் செம்பு கறுத்திருந்தால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இன்லெட்டையே மாற்றப் போகிறீர்கள் என்பதால், ஸ்மார்ட்பிளக் என்ற வகையையும் பரிசீலிக்கலாம். திருகு இல்லை, தடித்த நேரான பின்கள், பக்கவாட்டுத் தாழ்கள், தொடும் பரப்பு பழைய வகையைவிட மிக அதிகம். தூண் பக்கம் வழக்கமான பிளக்தான் இருக்கும். விலை கூடுதல், துறையில் பக்கத்துப் படகிலிருந்து கேபிள் இரவல் வாங்க முடியாது. ஆண்டு முழுவதும் கரைமின்சாரத்தில் ஏசி ஓட்டும் படகுக்கு அந்தக் கூடுதல் விலை தகும் என்பது என் கருத்து. வார இறுதியில் சார்ஜர் மட்டும் ஓட்டுபவருக்குத் தேவையில்லை.

மாட்டுவதும் கழற்றுவதும்

படகின் மெயின் பிரேக்கரை அணையுங்கள். தூணின் பிரேக்கரையும் அணையுங்கள். முதலில் படகு முனையை மாட்டி வளையத்தை இறுக்குங்கள், அதன் பிறகு தூண் முனை. தூண் பிரேக்கரைப் போட்டு, படகின் பலகையில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருப்பதைக் காட்டும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அங்கேயே நிறுத்திக் கழற்றிவிடுங்கள். எரியவில்லை என்றால் மெயினைப் போட்டு, சுமைகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். கழற்றும்போது சுமைகள், மெயின், தூண் பிரேக்கர் என்று அணைத்துவிட்டு தூண் முனையை முதலில் உருவ வேண்டும். வரிசை மாறினால் என்ன ஆகும்? படகு முனையைக் கையில் பிடித்தபடி கால் தவறினால், மின்சாரம் உள்ள முனை தண்ணீரில் விழும். சுமை ஓடும்போதே உருவினால் பின்னில் பொறி பறந்து குழி விழும். அந்தக் குழியில்தான் அடுத்த கறுப்பு தொடங்கும்.

கேபிளின் எடையை பிளக் தாங்கக் கூடாது. இன்லெட்டுக்கு அருகில் கைப்பிடிக் கம்பியில் ஒரு கயிற்றால் கட்டி, இன்லெட்டுக்குக் கீழே தொங்கும் வளைவு ஒன்று விடுங்கள். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஓடாது. தண்ணீரில் தோயவிடாதீர்கள். கட்டுக்கயிறு உரசும் இடத்தில் வைக்காதீர்கள்.

மாட்டி அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடிய பிறகு, உறை முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு முனைகளையும் உலர்ந்த கையால் தொட்டுப் பாருங்கள். கேபிளின் நடுப்பகுதியைவிட முனை தெளிவாகச் சூடாக இருந்தால் அங்கே தடை வளர்ந்துகொண்டிருக்கிறது. அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருந்தால் இன்னும் நல்லது. பின் ஒன்று மட்டும் பழுப்பேறியிருந்தால், பிளாஸ்டிக்கில் அந்தத் துளையைச் சுற்றி மட்டும் நிறம் மாறியிருந்தால், கேபிள் இன்னும் வேலை செய்கிறது என்பதை ஒரு காரணமாகச் சொல்லாதீர்கள். அன்றே மாற்ற வேண்டும்.

பச்சைக் கம்பி

எர்த் கம்பியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் உயிர் போவது அங்கேதான். துறையில் உள்ள எல்லாப் படகுகளின் எர்த்தும் தூண்கள் வழியாக ஒன்றோடு ஒன்று இணைந்திருக்கிறது. அதனால் பக்கத்துப் படகின் உலோகத்துக்கும் உங்கள் படகின் உலோகத்துக்கும் இடையே சிறிய நேர்மின்னோட்டம் ஓடி, உங்கள் ஜிங்க் அனோடுகள் (மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கத் தாம் கரையும் துத்தநாகக் கட்டிகள்) சீக்கிரம் கரையும். இதைத் தடுக்கக் கேபிளில் பச்சைக் கம்பியை வெட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அதற்கென்று கால்வானிக் ஐசொலேட்டர் இருக்கிறது. ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் வரை நேர்மின்னோட்டத்தைத் தடுத்து, பழுது ஏற்பட்டால் முழு மின்னோட்டத்தையும் எர்த்துக்கு விடும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அதைவிடச் சிறந்தது, கனமும் விலையும் அதிகம்.

எர்த் அறுந்த படகில் ஒரு ஹீட்டர் பழுதானால் அந்த மின்சாரம் புரொப்பெல்லர் வழியாகத் தண்ணீரில் இறங்கும். நன்னீரில் இது மிகக் கொடியது. மனித உடல் நன்னீரைவிட நன்றாக மின்சாரம் கடத்துவதால், நீந்துபவரின் உடல் வழியாகவே ஓடும். பத்து மில்லி ஆம்பியர் அளவிலேயே தசைகள் இறுகி நீந்த முடியாமல் போகும், பார்ப்பவர்களுக்கு மூழ்கியது போலத்தான் தெரியும். அதனால்தான் அமெரிக்கப் படகுத் தரமான ஏபிஒய்சி, இன்லெட்டிலிருந்து மூன்று மீட்டருக்குள் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 100 மில்லி நொடிக்குள் துண்டிக்கும் கருவி வேண்டும் என்கிறது. ஐரோப்பிய விதியும் ஒவ்வொரு துறைச் சாக்கெட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் காப்பு கேட்கிறது. உங்கள் படகில் அது இல்லை என்றால் இன்லெட்டை மாற்றும்போதே சேர்த்துப் போடுங்கள். கரைமின்சாரம் உள்ள துறையில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, குழந்தைகளை விடவே கூடாது.

புதுக் கேபிள் வந்ததும் ஒரு சோதனை. மில்லி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரை முழுக் கேபிளையும் சுற்றிப் பிடியுங்கள், ஒரு கம்பியை மட்டும் அல்ல. போவதும் வருவதும் சமமாக இருந்தால் பூஜ்யம் காட்டும். சுமைகளை ஒவ்வொன்றாகப் போடும்போது எதில் எண் ஏறுகிறதோ அந்தச் சாதனம் தண்ணீரில் மின்சாரம் கசியவிடுகிறது. உங்கள் படகில் எல்லாம் அணைத்த பிறகும் எண் காட்டினால் கசிவு பக்கத்துப் படகிலிருந்து வந்து உங்கள் எர்த் வழியாகத் திரும்புகிறது. துறை அலுவலகத்தில் அன்றே சொல்லுங்கள்.

கேபிளை நல்ல நீரில் துடைத்து, பின்களை உலர்த்தி, மூடிகளைப் போட்டு வையுங்கள். எரிந்த பழைய கேபிளைக் குப்பையில் போடும் முன் இரண்டு முனைகளையும் வெட்டி எடுத்துவிடுங்கள். முனையோடு கிடந்தால் யாராவது எடுத்துத் தங்கள் படகில் மாட்டிவிடுவார்கள்.